வலுக்குறைந்த புயல்: எந்தக் கணிப்பை நம்புவது?

கேள்வி: வலுக்குறைந்த புயல் ஒன்று கரையை நெருங்குகிறது. வடக்கே போகும் என்று நேற்று சொன்னார்கள். இன்று பாதை தெற்கே இறங்கியிருக்கிறது. வலுவிழக்கும் என்றவர்களே இப்போது வலுவடையலாம் என்கிறார்கள். எதை நம்பி முடிவெடுப்பது?

பதில்: கடும் புயலைவிட இத்தகைய புயலைக் கணிப்பதுதான் கடினம். கடும் புயலுக்குக் கண் உண்டு. மையம் எங்கே என்பதில் சந்தேகம் வராது. வலுக்குறைந்த புயலில் மையத்தைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு.

இரவில்தான் சிக்கல் அதிகம். அப்போது கைகொடுப்பது அகச்சிவப்புப் படம். அது வெப்பநிலையைக் காட்டுவது. தாழ்மேகங்களும் கடல்பரப்பும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில் இருப்பதால், சுழலும் தாழ்மேகங்கள் எளிதில் கண்ணில் படுவதில்லை. உயரே எழும்பிய குளிர்ந்த இடிமேகத் திரள் மட்டும் பளிச்சென்று தெரியும். மையம் அதற்கடியில் இருப்பதாகத் தோன்றும். விடிந்து, சூரிய ஒளியில் எடுத்த முதல் படம் வந்ததும் பார்த்தால், சுழற்சி பல பத்து கிலோமீட்டர் தள்ளி, மேல்மேகமே இல்லாமல் தனியே சுற்றிக்கொண்டிருக்கும். புயலின் போக்கைக் கணக்கிடும் கணினி மாதிரிகள் பழைய புள்ளியிலிருந்து கணக்கிட்டவை. புள்ளி நகர்ந்தால் பாதையும் நகர்கிறது. ஆகவே நீங்கள் பார்த்த மாற்றத்துக்குப் புயல் திரும்பியதுதான் காரணம் என்று முடிவுகட்ட வேண்டாம். சில வேளைகளில் இடிமேகத்தின் அடியில் புதிய மையமே உருவாகிப் பழையது கரைந்துவிடுவதும் உண்டு.

இன்னொன்று, பாதையையும் வலுவையும் தனித்தனியாகப் பார்க்கக் கூடாது. வலுக்குறைந்த புயலின் சுழற்சி உயரம் குறைந்தது. தரையிலிருந்து சுமார் 1.5 முதல் 3 கிலோமீட்டர் உயரத்தில் வீசும் காற்றே பெரும்பாலும் அதை இழுத்துச் செல்லும். அதே புயல் வலுத்து உயர்ந்தால், 10 கிலோமீட்டருக்கு மேலுள்ள காற்றும் அதன்மேல் செல்வாக்குச் செலுத்தும். இரு உயரங்களிலும் காற்று வெவ்வேறு திசையில் வீசும்போது, ஒரு கணினி மாதிரி வடக்கையும் மற்றொன்று தெற்கையும் காட்டுவதில் வியப்பில்லை. அவை முரண்படுவது பெரும்பாலும் புயல் எவ்வளவு வலுக்கும் என்பதில்தான். எனவே முன்னறிவிப்பைப் படிக்கும்போது, ‘வலுத்தால் எங்கே போகும், வலுக்காவிட்டால் எங்கே போகும்’ என்று கேட்டுப் பாருங்கள்.

வலுவைத் தீர்மானிப்பதில் கடல்வெப்பத்தைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். 26.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் கடல் சூடாக இருந்தும் வளராமல் போகும் புயல்கள் ஏராளம். கீழ்க்காற்றும் மேல்காற்றும் மாறுபடும் காற்று முறிவு இடிமேகங்களை மையத்திலிருந்து பிய்த்துவிடும். பக்கத்திலுள்ள வறண்ட காற்று புகுந்தாலும் மேகங்கள் சரிந்துவிடும். பின்னிரவில் இடிமேகங்கள் பொங்குவதும் பகலில் அடங்குவதும் வெப்பமண்டலக் கடல்களில் வழக்கம். அதிகாலைப் படத்தைப் பார்த்துப் பதற வேண்டாம். பிற்பகலிலும் மேகத்திரள் மையத்தின் மேலேயே நீடித்தால் கவனியுங்கள்.

அதற்காக அலட்சியமும் ஆகாது. 2023 அக்டோபரில் ஓட்டிஸ் புயல், ஏறத்தாழ ஒரே நாளில் சாதாரண வெப்பமண்டலப் புயல் நிலையிலிருந்து மிகக் கடுமையான ஐந்தாம் வகைக்கு உயர்ந்து மெக்சிகோவின் அகாபுல்கோவைத் தாக்கியது. முக்கிய மாதிரிகள் எதுவும் அதை முன்கூட்டிக் காட்டவில்லை. இத்தகைய பாய்ச்சல் அரிது, ஆனால் நடக்கக்கூடியது.

புயல் மையம் போகக்கூடிய பகுதியைக் காட்ட வரைபடத்தில் விரியும் கூம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவின் தேசிய ஹரிகேன் மையம் வெளியிடும் கூம்பு, முந்தைய ஆண்டுகளின் சராசரிப் பிழைகளைக் கொண்டு வரையப்படுவது. புயலின் மையம் ஏறத்தாழ மூன்றில் இரண்டு முறை அதற்குள் அடங்கும். உங்கள் முன்னால் நிற்கும் புயல் எவ்வளவு குழப்பமானது என்பதை அது சொல்லாது. அதற்குக் கூட்டுக் கணிப்புகளைப் பாருங்கள்: தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றி ஒரே கணினி மாதிரியைப் பல முறை ஓட்டுவார்கள். அவை காட்டும் பாதைக் கோடுகள் சிதறிக் கிடந்தால் நடுக்கோட்டுக்கு மதிப்பில்லை.

மழையோ காற்றின் வேகத்துக்குக் கட்டுப்பட்டதல்ல. 2001 ஜூனில் ஹூஸ்டன் நகரை மூழ்கடித்த அலிசன், ஹரிகேன் எனும் கடும் புயல் நிலையை எட்டாத புயல். மெதுவாக நகர்ந்ததே வினையாயிற்று. காற்று முறிவு இருந்தால் கனமழை மையத்தின் ஒரு பக்கத்தில் குவியும். பாதைக் கோடு உங்களைவிட்டு விலகினாலும் மழை உங்கள்மேல் கொட்டலாம்.

செய்துமுடிக்க நீண்ட நேரம் பிடிக்கும் வேலைகளை, புயல் வலுக்கும் என்றே வைத்துக்கொண்டு இன்றே தொடங்குங்கள்: படகைக் கரையேற்றுவது, முதியவர்களை இடம் மாற்றுவது போன்றவை. கடைசி நேரத்தில் செய்யக்கூடியதை, நாளை நண்பகலுக்குப் பின் வரும் அதிகாரபூர்வ அறிக்கையைப் பார்த்து முடிவு செய்யலாம். அதற்குள் எச்சரிக்கை வந்தால் காத்திருக்க வேண்டாம்.