என்எஃப்எஸ் மேல் டேட்டாபேஸ் கிளஸ்டர்: கேள்வி பதில்

பல மெஷின்களில் பரவி ஓடும் டேட்டாபேஸின் (கிளஸ்டர்) ஃபைல்களை நெட்வொர்க்கில் பகிரப்பட்ட ஒரே ஸ்டோரேஜில் வைப்பது பற்றி வந்த கேள்விகள். அந்த ஸ்டோரேஜ் பெட்டிதான் என்ஏஎஸ்; அதன் ஃபைல்களை நெட்வொர்க் வழியே தரும் புரோட்டோகால் என்எஃப்எஸ்; அதை ஒரு மெஷினில் இணைப்பது மவுண்ட். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: கசாண்ட்ரா டேட்டாபேஸ், மூன்று நோடு (கிளஸ்டரில் உள்ள மெஷின்). மூன்றின் டேட்டாவும் ஒரே என்ஏஎஸ் பெட்டியில், தனித்தனி ஃபோல்டரில் இருக்கிறது. நன்றாகத்தான் ஓடுகிறது. மாற்றச் சொல்கிறார்களே, ஏன் சார்?

பதில்: ஓடும். ஆனால் மூன்று நோடு எதற்குப் போட்டீர்கள்? ஒன்று விழுந்தால் மற்ற இரண்டும் தாங்கட்டும் என்றுதானே? இப்போது அந்தப் பெட்டி ரீபூட் ஆனால் மூன்றும் சேர்ந்து நிற்கும். ஒரே கிளையில் மூன்று ஊஞ்சல் கட்டிய கதைதான். ரெப்ளிகேஷன் ஃபேக்டர் (எத்தனை பிரதி என்ற கணக்கு) 3, அடியில் ஒவ்வொன்றையும் இரண்டு டிஸ்கில் எழுதும் ரெய்டு 10 என்றால் ஒவ்வொரு வரிசையும் டிஸ்கில் ஆறு தடவை உட்கார்ந்திருக்கும். ஆறு மடங்கு இடம் போகிறது, கிடைப்பது ஒரு பெட்டியின் பாதுகாப்பு.

பெட்டி செத்துப்போவதை விட, மெதுவாவதுதான் அடிக்கடி நடக்கும். கசாண்ட்ரா தான் எழுதிய டேட்டா ஃபைல்களை, அதாவது எஸ்எஸ்டேபிள்களைத் திரும்பப் படித்து, ஒன்றாக்கி, மறுபடி எழுதிக்கொண்டே இருக்கும். அந்தக் கம்பேக்‌ஷன் மூன்று நோடிலும் ஒரே சமயத்தில் கிளம்பினால் பெட்டி திணறும். லோக்கல் டிஸ்க் என்றால் ஒரு நோடு சுணங்கும்போது கேள்வியை வாங்கிய நோடு (கோஆர்டினேட்டர்) வேறு பிரதியிடம் போய்க் கேட்டுக்கொள்ளும். மூன்றும் சேர்ந்து சுணங்கினால் யாரிடம் கேட்பது?

கேள்வி: ஸ்டோரேஜ்தான் பொதுவாயிற்றே. மூன்று மோங்கோடிபி ப்ராசஸுக்கும் ஒரே டேட்டா டைரக்டரியைக் கொடுத்து இடத்தை மிச்சம் பிடிக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. அந்த ஃபைல்கள் தனக்கு மட்டுமே சொந்தம் என்று நம்பித்தான் ஒவ்வொரு ப்ராசஸும் தன் மெமரியில் கேஷ் வைத்து எழுதுகிறது. இன்னொருவர் உள்ளே வராமல் தடுக்க ஒரு பூட்டு ஃபைல் உண்டு. அந்தப் பூட்டைத்தான் நம்ப முடியாது. என்எஃப்எஸ் 3-ஐ 'நோலாக்' ஆப்ஷனோடு மவுண்ட் செய்திருந்தால் பூட்டு அந்தந்த மெஷினுக்குள் மட்டும்தான் செல்லும். முதல் மெஷின் பூட்டு கேட்கும், கிடைக்கும். இரண்டாவது மெஷின் அதே ஃபைலுக்குக் கேட்கும், அதற்கும் கிடைக்கும். எரர் வராது. இரண்டும் தத்தம் செக்பாயின்ட்டை (மெமரியில் உள்ளதை டிஸ்கில் இறக்குவது) ஒன்றன்மேல் ஒன்றாக எழுதும். அடுத்து ரீஸ்டார்ட் செய்யும் அன்றுதான் ஃபைல் பாழானது தெரியவரும்.

என்எஃப்எஸ் 4-இல் பூட்டு புரோட்டோகாலுக்குள்ளேயே வந்துவிட்டது, குத்தகைக் கணக்கில். லினக்ஸ் சர்வரில் வழக்கமான குத்தகை 90 வினாடி. நெட்வொர்க் அதற்கு மேல் அறுந்தால் பூட்டு கைமாறலாம். பழைய ப்ராசஸோ இன்னும் உயிரோடு, தான்தான் உரிமையாளர் என்ற நினைப்பில் இருக்கும்.

கேள்வி: ஹார்ட் மவுண்ட் (சர்வர் திரும்பும்வரை காத்திருக்கும் வகை) போட்டால், ஸ்டோரேஜ் சர்வர் போனதும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் அப்படியே தொங்கி நிற்கிறது. சாஃப்ட் மாற்றிவிடலாமா?

பதில்: தொங்கட்டும், விடுங்கள். சாஃப்ட் மவுண்ட் சில முயற்சிகளுக்குப் பிறகு கைவிட்டு ஐ/ஓ எரரைத் திருப்பிவிடும். அப்போது என்ன ஆகும் என்று பாருங்கள். டேட்டாபேஸ் எஃப்சிங்க் (டிஸ்கில் எழுதி முடி என்ற கட்டளை) கேட்கிறது, தோற்கிறது. லினக்ஸ் கெர்னலோ அந்தப் பக்கங்களை 'எழுதியாயிற்று' என்று குறித்துவிட்டிருக்கும். கொஞ்சம் கழித்து மறுபடி எஃப்சிங்க் கேட்டால் வெற்றி என்று பதில் வரும். டேட்டா டிஸ்கில் இல்லை. 2018-இல் இது போஸ்ட்கிரெஸ் வட்டாரத்தில் பெரிய விவாதமானது. 2019 பிப்ரவரியில் வந்த 11.2 பதிப்பிலிருந்து எஃப்சிங்க் தோற்றால் மறுமுயற்சி கிடையாது, சர்வர் வேண்டுமென்றே விழுந்து, மாற்றங்களை முன்கூட்டியே எழுதிவைக்கும் ரைட்-அஹெட் லாகிலிருந்து மீண்டு வரும். என்எஃப்எஸ் என்றால் ஹார்ட் மவுண்ட் என்று போஸ்ட்கிரெஸ் ஆவணமே சொல்கிறது.

கூடவே சர்வர் பக்கம் எக்ஸ்போர்ட்டில் (ஃபைல்களைப் பகிரும் அமைப்பில்) 'ஏசிங்க்' இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், மெமரியில் வாங்கியதுமே டிஸ்கில் எழுதிவிட்டதாகச் சொல்லிவிடும். பவர் போனால் கமிட் ஆனதும் போகும். பெஞ்ச்மார்க்கில் ஏசிங்க் பிரமாதமாகத் தெரியும், அதனாலேயே பலர் ஏமாறுகிறார்கள்.

கேள்வி: எஸ்கியூலைட் என்ற சின்ன டேட்டாபேஸை டபிள்யூஏஎல் (ரைட்-அஹெட் லாக்) மோடில், பல மெஷின்களிலிருந்து ஓட்டலாமா?

பதில்: முடியாது. அந்த மோடில் எல்லா ப்ராசஸும் ஒரே மெஷினின் ஷேர்டு மெமரியில் இருந்தாக வேண்டும்.

கேள்வி: செய்திகளைச் சேமித்துக் கடத்தும் காஃப்காவில் பார்ட்டிஷனை (டேட்டாவின் ஒரு பகுதி) நீக்கினால் டைரக்டரி அழியவில்லை. '.என்எஃப்எஸ்' என்று தொடங்கும் ஃபைல்கள் முளைக்கின்றன. புரோக்கரும் (காஃப்கா சர்வர்) விழுகிறது.

பதில்: லோக்கல் டிஸ்கில், திறந்திருக்கும் ஃபைலை அழித்தாலும் கடைசி ஆள் மூடும்வரை உள்ளடக்கம் இருக்கும். யார் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று என்எஃப்எஸ் 3 சர்வருக்குத் தெரியாது. அதனால் கிளையன்ட் அழிப்பதற்குப் பதில் பெயரை மாற்றி ஒளித்துவைக்கிறது. காஃப்கா டைரக்டரியை அழிக்கப் போகும்போது உள்ளே அது கிடக்கும், டைரக்டரி காலியில்லை என்று எரர் வரும், புரோக்கர் டிஸ்கே கெட்டுவிட்டதாக முடிவுகட்டும். கையால் அழித்துக்கொண்டிருக்காதீர்கள். டேட்டாவை இடம் மாற்றுங்கள்.

கேள்வி: கிளஸ்டரின் அமைப்புத் தகவல்களை வைக்கும் எட்சிடி-யில் லீடர் (நோடுகள் தேர்ந்தெடுக்கும் தலைமை நோடு) மாறிக்கொண்டே இருக்கிறது அண்ணா. நெட்வொர்க்கில் பிங் சுத்தம்.

பதில்: பிங்கை விடுங்க தம்பி, எஃப்சிங்க் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பாருங்கள். 99-ஆவது பெர்சென்டைல் (நூறில் 99 தடவை) 10 மில்லிசெகண்டுக்குள் இருக்க வேண்டும் என்பது எட்சிடி-யின் வழிகாட்டல். லீடர் உயிரோடிருப்பதைச் சொல்லும் ஹார்ட்பீட் 100 மில்லிசெகண்ட், அது வராவிட்டால் புதுத் தேர்தல் வைக்கும் டைம்அவுட் 1000 என்பது வழக்கமான அமைப்பு. என்ஏஎஸ் ஒரு வினாடி மூச்சுப் பிடித்தால் ஆட்சி கவிழ்ந்துவிடும். டைம்அவுட்டை ஏற்றினால் அறிகுறி மறையும், அவ்வளவுதான். டிஸ்க் வேகத்தை அளக்கும் ஃபியோ கருவியில் 'எஃப்டேட்டாசிங்க்=1' போட்டு அந்த மவுண்ட்டிலேயே அளந்து பாருங்கள். சராசரியைப் பார்க்காதீர்கள், வாலைப் பாருங்கள், அதாவது மிக மெதுவாக முடிந்தவற்றை.

கேள்வி: அப்படியானால் ஆரக்கிள் மட்டும் எப்படி என்எஃப்எஸ்ஸில் ஓடுகிறது?

பதில்: அதற்கென்றே கட்டியதால். ஆரக்கிளின் கிளஸ்டர் வடிவமான ஆர்ஏசி-யில் நோடுகள் டிஸ்கைப் பகிரும், யார் எந்தப் பிளாக்கை வைத்திருக்கிறார்கள் என்று தங்களுக்குள் பேசிக்கொள்ளும். 11ஜி பதிப்பிலிருந்து டேட்டாபேஸுக்குள்ளேயே தனி என்எஃப்எஸ் கிளையன்ட்டும் உண்டு. கசாண்ட்ராவும் மோங்கோடிபியும் எதையும் பகிராத வகை. அந்த வகைக்கு டேட்டாபேஸ் ஆய்வாளர் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் 1986-இலேயே வாதாடியிருக்கிறார்.

கேள்வி: லோக்கல் டிஸ்க் வாங்க மேலிடம் ஒத்துக்கொள்ளவில்லை. இருப்பது ஒரே என்ஏஎஸ்தான்.

பதில்: அப்படியானால் கிளஸ்டரையே விடுங்கள் என்பேன். ஒரே போஸ்ட்கிரெஸ், ஹார்ட் மவுண்ட், ஒழுங்கான பேக்கப். மூன்று நோடு கசாண்ட்ராவுக்கு இருக்கும் அதே ஆபத்துதான் இதற்கும், ஆனால் பராமரிப்பு பாதிகூட இல்லை. கிளஸ்டர் கட்டாயம் என்றால் ஃபைல் ஷேரை விட்டு, ஐஸ்கசி (டிஸ்கையே நெட்வொர்க் வழியே தரும் புரோட்டோகால்) வழியாக நோடுக்கு ஒரு பிளாக் வால்யூம், அதாவது தனி டிஸ்க் போன்ற ஒன்று, கேளுங்கள். பூட்டுத் தொல்லையும் மறைந்த ஃபைல் தொல்லையும் போய்விடும். ஒரே பெட்டி என்ற பிரச்சினை அப்படியேதான் இருக்கும், அதை மேலிடத்துக்கு எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: பேக்கப்பாவது என்எஃப்எஸ்ஸில் வைக்கலாமா?

பதில்: தாராளமாக. தேடல் இன்ஜினான எலாஸ்டிக்சர்ச்சில் ஃபைல்சிஸ்டம் வழி ஸ்னாப்ஷாட் (அதன் பேக்கப்) எடுக்க எல்லா நோடிலும் ஒரே ஷேர் மவுண்ட் ஆகியிருப்பதுதான் நிபந்தனையே. டேட்டா இருக்கும் அதே பெட்டியில் மட்டும் வைக்காதீர்கள்.