பெரிதாக வளர்ந்த குடுவைச் செடியைக் கவாத்து செய்யலாமா? பூத்தால் விதை கிடைக்குமா?

கேள்வி கேட்டிருப்பவர் பாளையங்கோட்டைக்காரர். தட்டோடியில் (மொட்டைமாடியில்) நிழல்வலைக்கு அடியில் வைத்திருக்கும், குடுவையால் பூச்சி பிடித்து உண்ணும் குடுவைச் செடி (நெப்பந்தஸ்) ஏழடி உயரத்துக்குக் கொடியாக ஓடிவிட்டது. நர்சரியில் மிராண்டா என்று சொல்லி விற்றார்களாம். கீழ்ப்பாதித் தண்டு மொட்டையாக நிற்கிறது, பல மாதங்களாகப் புதிய குடுவை இல்லை, இப்போது உச்சியில் ஒரு பூங்கதிர் கிளம்பியிருக்கிறது. பூதான் குடுவையைக் கெடுத்ததா, வெட்டினால் செடி பிழைக்குமா, விதை கிடைக்குமா என்பவை அவருடைய கேள்விகள்.

வெட்டலாம், தயங்க வேண்டாம். எந்த மாதத்தில் வெட்டுகிறோம் என்பதுதான் நம் பக்கத்தில் முக்கியம். இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்நாடுகளில் கண்ணாடிக் கூடாரம் வைத்திருப்பவர்கள் எழுதியவை. வசந்த காலத்தில் கவாத்து செய்யச் சொல்வார்கள். நமக்கு அது பங்குனி வெயில். அப்போது வெட்டினால், வரும் துளிர் அக்கினி நட்சத்திரத்தில் கருகும்.

ஆனியும் ஆடியும் அதைவிட ஏமாற்றுபவை. நான் இருப்பது விக்கிரமசிங்கபுரம், மலையடிவாரம். தென்மேற்குப் பருவக்காற்று மழையில் பெரும்பங்கை மலைக்கு மேற்கே கொட்டிவிட்டு வந்தாலும், மிச்சச் சாரல் குற்றாலம், தென்காசிக்கும் கொஞ்சம் எங்களுக்கும் கிடைத்துவிடும். அதே காற்று பாளையங்கோட்டைக்கு வந்து சேரும்போது ஈரத்தைத் தொலைத்துவிட்டு வருகிறது. கயத்தாறு பக்கம் காற்றாலைகளைச் சுழற்றுவதும் அந்தக் காற்றுதான். வானம் மூட்டமாக இருக்கிறதே, உடம்புக்கு இதமாக இருக்கிறதே என்று நமக்குத் தோன்றும், செடியோ காய்ந்துகொண்டிருக்கும். ஆகவே எங்கள் பக்கம் சாரல் காலத்தில் வெட்டினாலும் செடி தாங்கும். நீங்கள் ஐப்பசி மழை பிடிக்கும்வரை பொறுத்திருங்கள். கார்த்திகைக்குள் வேலையை முடித்துவிட்டால், மார்கழி தாண்டும்வரை துளிருக்கு ஈரக்காற்றும் மிதமான வெயிலும் கிடைக்கும்.

குடுவை வராததற்குப் பூவைக் குற்றம் சொல்வது தவறு. கதிர் விடும்போது குடுவைகள் சற்றுச் சிறுத்துப் போகலாம், அவ்வளவுதான். இலையின் நடுநரம்பு நீண்டு சுருள்கம்பியாகி, அதன் நுனி வீங்கித்தான் குடுவை உண்டாகிறது. உங்கள் செடியில் அந்த நுனிகளைப் பாருங்கள். அரிசியளவு மொட்டு வைத்து, அது பழுப்பாகிக் காய்ந்திருந்தால் காரணம் வறண்ட காற்று. மொட்டே வைக்காமல், இலை மட்டும் கரும்பச்சையாக நீண்டுகொண்டே போனால் வெளிச்சம் போதவில்லை, அல்லது உரம் அதிகம். வேருக்குத் தாராளமாக உரம் கிடைத்துவிட்டால் பூச்சியைப் பிடித்துச் சத்துத் தேட வேண்டிய அவசியம் செடிக்கு இல்லை.

தண்ணீரையும் பாருங்கள். தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவு தெரிந்தால் அது போர் தண்ணீரின் உப்பு. மழைநீரை டிரம்மில் பிடித்து, கொசு புகாமல் வலை கட்டி வையுங்கள். அது தீர்ந்தபின் ஆர்.ஓ. தண்ணீர். டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்பின் அளவு) 50-க்குள் இருந்தால் கவலையில்லை.

இனி வெட்டும் விஷயம். இளஞ்செடி தரையோடு வட்டமாக இலை பரப்பி, உருண்டு திரண்ட குடுவைகளை விடும். அவற்றின் முன்பக்கம் இரண்டு இறக்கைகள் ஓடும். செடி முதிர்ந்து தண்டு நீளத் தொடங்கினால், குடுவை புனல் வடிவாகும், இறக்கை மறையும், சுருள்கம்பி எதையாவது சுற்றிப் பிடிக்கப் பார்க்கும். நீங்கள் சொல்லும் மிராண்டா, மாக்சிமாவும் நார்த்தியானாவும் கலந்த கலப்பினம் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. இரண்டும் நன்றாக ஏறும் கொடிகள். ஏழடி அதற்குப் பெரிய உயரமே இல்லை.

நர்சரியில் வாங்கியபோது தொங்கிய பெரிய குடுவைகள் மறுபடி வேண்டுமானால், உச்சியைக் கிள்ளிப் பயனில்லை. அடியிலிருந்து புதுத்தளிர் எழ வேண்டும். நடுத்தண்டில் வெடிக்கும் பக்கக் கிளை சில இலைகளுக்கு அழகு காட்டிவிட்டு மறுபடி கொடியாகிவிடும். அடித்தளிரோ புதுச் செடியைப் போல வட்டமாக இலை விரித்து வளரும். ஆகவே முதலில் மேல்மண்ணை விலக்கி, தண்டின் அடியில் ஏதாவது தளிர் முட்டுகிறதா என்று பாருங்கள். இருந்தால் கவலையே வேண்டாம், அது நாலைந்து இலை விட்டதும் பழைய தண்டை வெட்டிவிடலாம். இல்லையென்றால் மொட்டைத் தண்டில் கை வைக்காதீர்கள். பச்சை இலை மூன்று நான்காவது கீழே நிற்கும்படி வெட்ட வேண்டும். இலை ஒன்றும் இல்லாத முற்றிய கட்டையை நம்பி வெட்டுவது சூதாட்டம்.

எனக்குப் பிடித்த முறை இன்னும் மெதுவானது. வெட்டுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே கொடியை மெல்ல வளைத்து, உச்சி கீழே பார்க்கும்படி கட்டிவிடுவேன். உச்சி மொட்டில் உண்டாகும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன்தான் கீழ்மொட்டுகளை உறங்க வைத்திருக்கிறது; உச்சி தாழ்ந்தால் அதன் அதிகாரம் தளர்ந்து, கீழே உள்ளவை விழிக்கும். விழித்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு வெட்டுவதில் ஒரு நிம்மதி இருக்கிறது. பொறுமையில்லாதவர்கள் நேரே வெட்டட்டும், பெரும்பாலும் அதுவும் பலிக்கும்.

கத்தியை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு வெட்டுங்கள். அதே நாளில் தொட்டியை மாற்றாதீர்கள். இதன் வேர் கறுத்து, மெலிந்து, தொட்டால் ஒடியும் வேர். தலையை வெட்டிய கையோடு வேரையும் கலைத்தால் செடி எதைக் கொண்டு எழும்?

வெட்டிய தண்டை எறிந்துவிட வேண்டாம். இரண்டு மூன்று இலைக்கணுக்கள் உள்ள துண்டுகளாக நறுக்கி, ஒவ்வோர் இலையையும் பாதியாகக் குறைத்து, அடிவெட்டில் வேரூக்கித் தூள் தொட்டு நடுங்கள். நுனித்துண்டுதான் வேகமாக வேர் பிடிக்கும். நடுவதற்கு ஸ்பேக்னம் பாசி நல்லது, விலைதான் கடிக்கும். தேங்காய்மட்டைத் துண்டுகளும் பெர்லைட்டும் கலந்தாலும் போதும். மட்டையைப் பல தண்ணீர் மாற்றி ஊறவைத்து உப்பை எடுத்துவிட வேண்டும். மாஞ்சோலைப் பக்கம் போகும்போது பாறையில் இருக்கும் பாசியை அள்ளிக்கொண்டு வரலாமே என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், அது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். தொட்டியை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பையால் மூடி, நேர்வெயில் படாத தார்சாவில் வையுங்கள். வேர் இறங்க ஒன்று முதல் மூன்று மாதங்கள் ஆகலாம். அதற்கு முன்பே துளிர் வந்துவிடும். துளிரைப் பார்த்து வேர் வந்துவிட்டது என்று எண்ணி இழுத்துப் பார்க்கக் கூடாது.

பூவுக்கு வருவோம். பனங்காட்டுச் சீமையில் இதை விளக்குவது எளிது. ஆணான அலகுப்பனை வேறு, பெண்ணான பருவப்பனை வேறு என்பது நமக்குத் தெரியும்; குடுவைச் செடியிலும் ஆண் தனி, பெண் தனி. ஒற்றைச் செடி எத்தனை கதிர் விட்டாலும் தானாக விதை தராது. பூவுக்கு இதழ்கள் கிடையாது, பெரும்பாலும் நான்கு சிறு மடல்கள், அவற்றில் தேன் கசியும். எறும்பும் ஈயும் மொய்க்கும். நடுவில் சிறு காம்பின் உச்சியில் மஞ்சள் உருண்டை தெரிந்தால் ஆண். அதற்குப் பதில் பச்சை நிறத்தில் பருத்த சூலகம் உட்கார்ந்திருந்தால் பெண். கதிரின் அடிப்பூக்கள் முதலில் விரியும், அதனால் சில நாட்களிலேயே தெரிந்துவிடும். மாலையில் சிலவற்றின் நெடி தாங்காது. படுக்கையறை ஜன்னலோரம் வைத்திருப்பவர்கள் இடம் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரே நர்சரியில் இரண்டு செடி வாங்கினால் ஜோடி கிடைக்கும் என்றும் எண்ண வேண்டாம். திசு வளர்ப்பில் ஒரே தாய்ச்செடியிலிருந்து வந்தவை எல்லாம் ஒரே பால். இன்னொருவரின் செடியைத் தேடித்தான் ஆக வேண்டும். இரண்டும் ஒரே வாரத்தில் பூக்க வேண்டும் என்பதில்லை. ஆண் பூவின் மகரந்தத்தைக் காகிதத்தில் மடித்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் அடைத்துக் குளிர்பெட்டியில் வைத்தால் பல வாரங்கள் தாங்கும். பெண் பூவின் சூல்முடி பளபளக்கும் நாளில் தூரிகையால் தடவினால் போதும். காய் முற்றி வெடிக்கச் சில மாதங்கள் ஆகும். உள்ளே தலைமுடி போன்ற மெல்லிய விதைகள். காற்றில் பறக்கும் விதை என்பதால் வெடிக்கும் முன்பே காயைத் துணியால் கட்டிவிட வேண்டும், எடுத்த கையோடு விதைக்கவும் வேண்டும். வைத்திருந்தால் முளைப்புத் திறன் வேகமாகக் குறைந்துவிடும்.

பின்னூட்டத்தில் ஒருவர் இது பொதிகை மலைச் செடிதானே என்று கேட்டிருந்தார். இல்லை. பொதிகையில் பூச்சி உண்ணும் செடிகள் உண்டு, ஆனால் அவை பனித்துளிச் செடியும் யூட்ரிகுலேரியாவும். குடுவைச் செடியில் இந்தியாவுக்கென்று இருப்பது மேகாலயாவின் காசியானா ஒன்றுதான்; அதைக் காட்டிலிருந்து எடுப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நமக்கு நெருக்கமான காட்டுக் குடுவைச் செடி கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையில் இருக்கிறது.

இப்போது வந்திருக்கும் கதிரை, பால் தெரியும்வரை விட்டு வையுங்கள். ஆண் என்றால் மகரந்தத்தை எடுத்துக்கொண்டு கதிரை அடியோடு நறுக்கிவிடலாம். பெண் என்றால் இங்கேயே எழுதுங்கள். என்னிடம் இருப்பது ஆண் செடி, குளிர்பெட்டியில் மகரந்தமும் இருக்கிறது. பாபநாசம் பஸ்ஸில் யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன்.