படிக்கட்டின் அடியில் ஆக்சிஜன் சிலிண்டர்கள்

கேள்வி: எங்கள் முதியோர் இல்லத்தில் மூச்சுத்திணறல் உள்ள பெரியவர்களுக்காகப் பெரிய ஆக்சிஜன் சிலிண்டர்கள் மூன்றும் சிறியவை சிலவும் உள்ளன. இட நெருக்கடியால் அவற்றைப் படிக்கட்டின் அடியில், சமையலறைச் சுவரை ஒட்டி நிறுத்தியிருக்கிறோம். ஆக்சிஜன் தானாக எரியாத வாயு என்பதால் ஆபத்தில்லை என்கிறார் எங்கள் மேலாளர். அது சரியா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: ஆக்சிஜன் தானாக எரியாது என்பது உண்மைதான், ஆபத்தில்லை என்பது உண்மையன்று. நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் ஏறத்தாழ 21 சதவீதம். மூடிய இடத்தில் சிலிண்டர் கசிந்து அந்த அளவு சில சதவீதம் உயர்ந்தாலே, சாதாரணமாகப் புகைந்து அணையக்கூடிய துணியும் அட்டைப்பெட்டியும் கொழுந்துவிட்டு எரியத் தொடங்கும். படிக்கட்டின் அடி காற்றோட்டமற்ற இடம் என்பது ஒரு குறை. தீ என்றதும் பெரியவர்களைக் கீழே இறக்க வேண்டிய வழியும் அதுவே என்பது அதைவிடப் பெரிய குறை. ஆகவே, சிலிண்டர்களை முதலில் அங்கிருந்து அகற்றுங்கள். வெயில் நேரடியாகப் படாத, காற்றோட்டமுள்ள, அடுப்பு, ஜெனரேட்டர், டீசல் கேன் எதுவும் அருகில் இல்லாத தனி அறையோ கூரையிட்ட கொட்டகையோ போதும். சமையல் எரிவாயு சிலிண்டரை அதே இடத்தில் வைக்கக் கூடாது.

பெரிய சிலிண்டர், அதாவது டி வகை, சுமார் 7,000 லிட்டர் வாயுவை ஏறத்தாழ 150 பார் அழுத்தத்தில், அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல் சுமார் 150 மடங்கில், அடக்கி வைத்திருப்பது. அது சாய்ந்து விழுந்து வால்வு முறிந்தால், வாயு பீறிட்டு வெளியேறும் வேகத்தில் சிலிண்டரே சீறிப் பாயும். எனவே நிமிர்த்தி வைத்துச் சுவரோடு சங்கிலியால் பிணைக்க வேண்டும். நகர்த்தும்போது டிராலியைப் பயன்படுத்த வேண்டுமே தவிர, தரையில் உருட்டக் கூடாது. நிரம்பியவற்றையும் காலியானவற்றையும் தனித்தனியே வைக்க வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டின் வாயு சிலிண்டர் விதிகளிலும் உள்ளது. நள்ளிரவில் அவசரத்தில் காலி சிலிண்டரை இழுத்து வந்து மாட்டிய பின்பே அது காலி என்று தெரியவரும் கொடுமையும் இதனால் தவிரும்.

நம் ஊரில் இறுகிய எதற்கும் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடுவது வழக்கம். ஆக்சிஜன் வால்வில் அதைச் செய்யவே கூடாது. உயர் அழுத்த ஆக்சிஜன் பட்டால் எண்ணெயும் கிரீஸும் தீப்பொறி இல்லாமலேயே பற்றிக்கொள்ளும். எண்ணெய்க் கையோடு ரெகுலேட்டரைத் தொடுவதும், கையில் தடவிய சானிடைசர் உலர்வதற்கு முன் வால்வைத் திருகுவதும் தவறே. வால்வை எப்போதும் மெதுவாகத் திறக்க வேண்டும். சட்டென்று திறந்தால் ரெகுலேட்டருக்குள் வாயு திடீரென அமுங்கிச் சூடேறும். கசிவு இருக்குமோ என்ற ஐயம் வந்தால் வால்வை மூடிவிட்டு, சிலிண்டர் தந்தவரை அழையுங்கள். நீங்களே பழுது பார்க்க வேண்டாம். சிலிண்டரை வாங்கும்போதே, கறுப்பு உடலும் வெள்ளைத் தோளும் உள்ளதா, தோளில் பொறித்த சோதனைத் தேதியின்படி அடுத்த சோதனைக்கான கெடு தாண்டவில்லையா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வெள்ளிக்கிழமைகளில் எல்லா அறைகளுக்கும் சாம்பிராணி காட்டுவோம். ஆக்சிஜன் வைத்திருக்கும் பெரியவரின் அறையில், அந்தச் சில நிமிடங்கள் மட்டும் சிலிண்டரை மூடிவிட்டுக் காட்டலாமா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: வேண்டாம். சிலிண்டரை மூடிய பிறகும் தலையணையிலும் போர்வையிலும் தலைமுடியிலும் ஆக்சிஜன் சிறிது நேரம் தங்கியிருக்கும். தூபக்காலிலிருந்து தெறிக்கும் ஒரு கங்கு போதும். மேலும், மூச்சுக்குத் தவிப்பவருக்கு அந்தப் புகையே கேடு. சாம்பிராணிக்காக ஆக்சிஜனை நிறுத்துவது அதைவிடக் கேடு. அந்த அறைக்கு வாசற்படியில் பூ வைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.