ஜக்கார்டு பெட்டிக்குக் கடன் வாங்கும் முன்

உங்கள் அப்பா எந்த நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திலும் இல்லை, மாஸ்டர் வீவரிடம் (நூல் கொடுத்து நெய்யச் சொல்லும் முதலாளியிடம்) கூலிக்குப் பட்டு நெய்கிறார், சேலையில் பூ வேலைப்பாட்டை எழுப்பும் ஜக்கார்டு பெட்டி தேய்ந்துவிட்டது, புதிதாக வாங்க வட்டிக்கு எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட வேண்டாம்.

சங்க உறுப்பினர் இல்லை என்பதால் எல்லாக் கதவும் மூடிவிடாது. முதலில் அப்பாவிடம் மத்திய அரசின் நெசவாளர் அடையாள அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பில் பதிவானவர்களுக்குக் கொடுத்தது. பலர் வீட்டில் அது டிரங்குப் பெட்டிக்கு அடியில்தான் கிடக்கும்! இல்லையென்றால் மாவட்டக் கைத்தறி உதவி இயக்குநர் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

தறி உபகரணத்துக்கென்றே ஹத்கர்கா சம்வர்தன் சஹாயதா என்று ஒரு திட்டம் இருக்கிறது. விலையில் 90 சதவீதம் மத்திய அரசு தரும். ஆனால் முன்கூட்டியே கடையில் வாங்கிவிட்டு பில்லைக் கொண்டுபோய் நீட்டாதீர்கள். முதலில் அனுமதி, அப்புறம்தான் பெட்டி. அலுவலகத்துக்குப் போகும்போது இப்போதைய பெட்டியில் எத்தனை கொக்கி, தறியின் அகலம், தறிக்கு மேலே கூரை வரை எவ்வளவு உயரம் என்று அளந்து எழுதிக்கொண்டு போங்கள். மோட்டார் வைத்த ஜக்கார்டு கிடைக்குமா என்றும் கேளுங்கள். முழங்கால் வலியோடு நாள் முழுக்க மிதிப்பவருக்கு அதுதான் பெரிய உதவி.

நெசவாளர் முத்ரா கடன் 6 சதவீத வட்டிக்குக் கிடைக்கும். அதை நூலுக்கும் நடைமுறைச் செலவுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

மாஸ்டர் வீவரிடம் மட்டும் முன்பணம் கேட்டுவிடாதீர்கள். வாங்கிவிட்டால் அப்புறம் கூலி பேசும்போது வாய் திறக்க முடியாது.