ஓட்டோ ஹூட் தைக்க எந்தப் பழைய மெஷின் வாங்கலாம்?

தலவாக்கலையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: “பதினொரு வருசம் கார்மென்ட்ஸில் வேலை செய்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன். ஓட்டோ ஹூட், சீட் கவர், கேன்வஸ் பை, கொஞ்சம் தோல் வேலையும் செய்ய ஆசை. மூடிய கார்மென்ட்ஸ் ஒன்றிலிருந்து ஜூக்கி டிடிஎல் 8700 மலிவாக வருகிறது. கைக்குப் பழகிய மெஷின். வாங்கலாமா?”

இந்த வேலைக்கு அது வேண்டாம். நல்ல மெஷின்தான், ஆனால் சட்டைத் துணிக்காகச் செய்தது. நிமிடத்துக்கு 5,000 தையலுக்கு மேல் ஓடும். 1992இல் தொடங்கிய 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தோடு கார்மென்ட்ஸ் கிராமங்களுக்கும் போனது. அதனால் இந்த வகைப் பழைய மெஷினுக்கு நம் நாட்டில் பஞ்சமே இல்லை.

தடித்த ஊசி போட்டால் ஹூட் தைக்கும் ரெக்சினை அதுவும் குத்திவிடும். சிக்கல் துணி நகர்வதில் இருக்கிறது. அதில் அடியில் உள்ள பற்கள் மட்டும்தான் துணியை இழுக்கும். மேலே பாதம் அழுத்திக்கொண்டு அப்படியே நிற்கும். ரெக்சின் அந்தப் பாதத்தில் ஒட்டிக்கொள்ள, அடித்தட்டு முன்னே போய்விடும், மேல்தட்டு பின்தங்கும். நீளமான ஹூட் விளிம்பைத் தைத்து முடித்தால் இரண்டு முனையும் விரலகலம் விலகி நிற்கும்.

நீங்கள் தேட வேண்டியது ஊசியும் சேர்ந்து நடக்கும் வோக்கிங் ஃபுட் மெஷின். இதில் பாதம் இரண்டு, உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. துணிக்குள் இறங்கிய ஊசி, உள்பாதம், அடிப்பற்கள் மூன்றும் ஒன்றாகப் பின்னால் போகும். அப்புறம் வெளிப்பாதம் துணியைப் பிடித்துக்கொள்ள, உள்பாதமும் ஊசியும் எழுந்து முன்னுக்கு வரும். எத்தனை தட்டு அடுக்கினாலும் எல்லாம் சேர்ந்தே நகரும். ஜூக்கி எல்யூ 563, சிங்கர் 111டபிள்யூ155, கொன்சியூ 206ஆர்பி எல்லாம் இந்த வகை. வோக்கிங் ஃபுட் என்று விற்கும் சிலவற்றில் ஊசி நடக்காது. சக்கரத்தைக் கையால் சுற்றி, துணிக்குள் இருக்கும்போதே ஊசி நகர்கிறதா என்று பாருங்கள்.

சப்பாத்துத் தைப்பவர்களிடம் உள்ள சிங்கர் 29கேயையும் யாராவது காட்டலாம். பாதம் எல்லாப் பக்கமும் திரும்பும், பழுது பார்க்க அருமையானது. ஆனால் அடிநூல் சுற்றும் பொபின் மிகச் சிறியது, ஹூட் வேலைக்குக் கட்டாது.

பார்க்கப் போகும்போது உங்கள் ரெக்சின், உங்கள் கேன்வஸ், உங்கள் நூல் மூன்றையும் கொண்டு போங்கள். கடைக்காரர் தரும் மெல்லிய துண்டில் எந்த மெஷினும் அழகாகத் தைக்கும். இரண்டு தட்டில் தொடங்கி ஆறு தட்டு மடிப்பில் ஏறி இறங்குங்கள், அதுவும் மெதுவாக. ஏறும் இடத்தில் தையல் விட்டுப்போனால், அடியில் நூலைப் பிடிக்கும் கொக்கியான ஹூக்கின் நேரம் தப்பியிருக்கலாம், அதைச் சரிசெய்யலாம். ஹூக்கின் முனை மழுங்கியிருந்தால் செலவு வரும். நகத்தால் தடவினாலே தெரியும். சக்கரத்தைப் பிடித்து உள்ளும் வெளியும் அசைத்துப் பாருங்கள், ஆட்டம் இருக்கக்கூடாது. அடிப்பக்கத்தையும் கட்டாயம் திறந்து காட்டச் சொல்லுங்கள். நம் மூடுபனியில் பாவிக்காமல் கிடந்த மெஷினுக்கு மேலே பெயின்ட் மின்னும், உள்ளே துரு ஏறியிருக்கும்.

அடுத்தது மோட்டர். கார்மென்ட்ஸில் இருந்து வருபவற்றில் த்ரீ பேஸ் மோட்டர் இருக்கலாம். வீட்டில் 230 வோல்ட் சிங்கிள் பேஸ்தான். மோட்டரின் தகட்டில் உள்ள எழுத்தைப் படியுங்கள். மெஷின் நன்றாக இருந்தால் அதற்காக விட்டுவிடாதீர்கள், சிங்கிள் பேஸ் சேர்வோ மோட்டர் மாற்றிக்கொள்ளலாம். மிதிக்கும்போது மட்டும் சுற்றும், ஒவ்வொரு தையலாகப் போக முடியும். தோலுக்கு அந்த நிதானம் வேண்டும், ஒருமுறை விழுந்த ஓட்டை மூடாது.

ஊசியையும் சொல்லிவிடுகிறேன். தோலுக்கு வெட்டு முனை ஊசி, கேன்வஸுக்கும் ஹூட்டுக்கும் சாதாரண உருண்டை முனை. மறந்துபோய் வெட்டு முனையிலேயே ஹூட் தைத்தால் அது துணியின் இழையை அறுத்துவிடும், மே மாத மழை தொடங்கியதும் தையல் வழியே தண்ணீர் இறங்கும். வெயிலில் நிற்கும் ஹூட்டுக்கு நைலோனைவிட பொலியெஸ்டர் நூல் நீண்ட நாள் உழைக்கும்.