பந்து ஏன் விழவில்லை?

கேள்வி: கணினி அனிமேஷனில் மேலே ஒன்றும் தரையில் ஒன்றுமாக இரண்டு கீஃபிரேம்கள் வைத்தேன். பந்து கீழே வருகிறது. ஆனால் விழுவதுபோல் இல்லையே, ஏன்?

பதில்: பொருள் எந்த நேரத்தில் எங்கே இருக்க வேண்டும் என்று நீங்கள் குறித்துக் கொடுப்பது கீஃபிரேம், இரண்டு குறிப்புகளுக்கு நடுவிலுள்ள படங்களைக் கணினியே கணக்கிட்டு நிரப்புவது ட்வீனிங். கையால் வரைந்த காலத்தில் மூத்த ஓவியர் முக்கிய நிலைகளை மட்டும் வரைய, இடைப்பட்ட படங்களை உதவியாளர்கள் வரைந்தார்கள். அந்த வேலையைத்தான் இப்போது கணினி செய்கிறது.

உங்கள் சிக்கல் வேகத்தில் இருக்கிறது. நொடிக்கு 24 ஃபிரேம் (தனிப்படம்) என்ற கணக்கில், 120 செ.மீ. உயரத்திலிருந்து 12 ஃபிரேம்களில் இறங்க வேண்டிய பந்தைக் கணினி ஃபிரேமுக்குச் சரியாக 10 செ.மீ. வீதம் இறக்குகிறது. உண்மையில் விழும் பந்தோ முதல் ஃபிரேமில் 1 செ.மீ.கூட நகராது, கடைசி ஃபிரேமில் ஏறத்தாழ 19 செ.மீ. பாயும். ஆகவே நேரம் போகப் போகப் பந்தின் இடம் மாறுவதைக் கோடாகக் காட்டும் கிராஃப் எடிட்டரில், சீரான வேகத்தால் நேர்கோடாக இருப்பதைத் தொடக்கத்தில் படுக்கையாகவும் முடிவில் செங்குத்தாகவும் வளையுங்கள். இடையிடையே கீஃபிரேம்களைச் செருகித் திருத்த முயன்றால் அசைவு திக்கித் திக்கிப் போகும் என்பதால், அந்த வழி வேண்டாம். பந்து தரையைத் தொடும் இடத்தில் கோட்டின் முனையை மட்டும் கூர்மையாகவே விடுங்கள். அது மழுங்கினால் பந்து பஞ்சுமெத்தையில் இறங்குவதுபோலத் தோன்றும்.