புள்ளி இடம் மாறலாமா?

கேள்வி: சென்ற இதழ் குறுக்கெழுத்தில் ‘பிழைப்புக்கு வேண்டியது கடல்தான் (2)’ என்ற குறிப்புக்கு ‘வேலை’ என்று இரண்டெழுத்து விடை போட்டிருக்கிறீர்கள். கடலுக்கு அப்படி ஒரு பெயர் எந்தச் சாமானியனுக்குத் தெரியும்? ‘நடிகர் கலைந்தால் கப்பல் (3)’ என்று கொடுத்து, கமலைக் கலமாக்கினால் எல்லோருக்கும் புரியுமே?

பதில்: தெரியாதவரும் போட்டுவிடலாம். இரட்டைப் பொருள் குறிப்பில் ஒரு பொருள் பழகியதாக இருந்தால், மற்றது பழைய சொற்பொருள் நூலான நிகண்டிலிருந்து வரலாம். பிழைப்புக்கு வேலை வேண்டும் என்பது யாருக்குத் தெரியாது? கடலை வேலை என்பது கம்பனைப் படித்தவர்களுக்குப் புதிதும் அல்ல. ‘கடல் (3)’ என்று மொட்டையாகக் கேட்டிருந்தால் நீங்கள் சண்டைக்கு வந்திருக்கலாம். பரவை, புணரி, பௌவம் மூன்றுமே பொருந்தும். குறுக்கே ஓர் எழுத்து விழும்வரை பேனாவை மூடி வைக்க வேண்டியதுதான்.

உங்கள் குறிப்பைத்தான் ஏற்க முடியாது. தமிழ்க் கட்டத்தில் எழுத்து முழுதாக நகர வேண்டும். உயிர்மெய் பிரியாது, புள்ளி தாவாது. கமலில் இருப்பவை க, ம, ல். கலத்தில் இருப்பவை க, ல, ம். ‘ல்’ மேல் இருந்த புள்ளி ‘ம’ மேல் ஏறிவிட்டது. ஆங்கிலப் புதிர் போட்டுப் பழகியவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் இது. கலம்தான் வேண்டுமென்றால் ‘தலையில்லாத அகலம் கடலில் மிதக்கும் (3)’ என்று எழுதுங்கள். அ போனால் கலம். ஒரு புள்ளி அசையவில்லை.

மாலுமி இன்னும் நல்ல சொல். ‘மாமிக்குள் தலையற்ற வலு, கப்பல் செலுத்துபவர் (3)’. வலுவில் வ போக, மிஞ்சிய லு மாமிக்குள் நுழைகிறது. ‘பாதி வலு’ என்றால் முன்பாதியா பின்பாதியா என்ற கேள்வி வரும். ‘கப்பல் செலுத்துபவர்’ என்ற நேர்ப்பொருள் ஓரத்தில் நிற்பதையும் பாருங்கள். அது தொடக்கத்திலோ முடிவிலோதான் வரவேண்டும். நடுவில் புதைத்தால் விடை கண்டவருக்கே அது சரிதானா என்று உறுதிப்படாது.

சந்தியையும் எண்ண மறக்காதீர்கள். படகுத்துறைக்கு ஆறு கட்டம். ‘த்’ விட்டுப்போனால் குறுக்கே வரும் சொற்களும் சேர்ந்து கெடும்.

அடுத்த இதழுக்கு, கப்பலின் இன்னொரு பெயரான நாவாய்க்கு ஒரு குறிப்பு எழுதி அனுப்புங்கள். நா, வாய் என்று பிரிப்பது எளிது. வாய் என்ற சொல்லைக் குறிப்பிலேயே காட்டிக்கொடுக்காமல் எழுத வேண்டும்.